ஒரு கோடு, சுருக்கொப்பம், தேதி

மன்னவனூர் ஏரிக்கு மேலே
இரண்டாவது மேட்டில்
ஒரு மீட்டர்ச் சதுரத்தைப் புல்மேல் வைக்கிறேன்.
நாலு பிவிசி குழாய், நாலு முட்டு.
அதற்குள் இருப்பது மட்டும் என் பொறுப்பு.
வெளியே மலை, அதன்பாட்டுக்கு.

ஏழரை மணிக்குப் பனி இன்னும் புல்நுனியில் நிற்கிறது.
குளிரில் பூச்சி ஓடாது என்பதால்
இந்நேரம் வரச்சொல்கிறார்கள்.
குளிரில் என் விரலும் ஓடாது,
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கேடயப் பூச்சி.
முதுகில் முக்கோணம், தூக்கிய தோள்,
உணர்கொம்பில் ஐந்து கணு.
எண்ணி முடிப்பதற்குள்
தாளின் மறுபக்கம் போய்விடும்.
நான் தலையைச் சாய்த்தால் அதுவும் நகரும்,
தூணைச் சுற்றி ஒளியும் பிள்ளை மாதிரி.
ஆனால் அதற்கு விளையாட்டில்லை.

நாவாய்ப்பூச்சி என்றும் சொல்வார்கள்.
நாவாய் என்றால் கப்பல்.
ஆறாயிரம் அடி உயரத்தில்
நகத்தளவு கப்பல்.
காற்றடித்தால் புல்லோடு சாய்ந்து
புல்லோடு நிமிர்கிறது.

அக்டோபரில் எழுதினேன்:
வகை அ: கறுப்பு, உருண்டை, கடுகைவிடக் கொஞ்சம் பெரிது,
கூட்டமாக இருக்கும், இறக்கை இல்லை.
வகை ஆ: முதுகில் செம்புள்ளி மூன்று,
வயிற்றோரம் கறுப்பு வெள்ளைப் பட்டை.
வகை இ: பழுப்பு. காய்ந்த புல்லின் அதே பழுப்பு.
மூன்றுக்கும் நாற்றம் ஒன்று,
கொத்தமல்லித் தழையை எண்ணெயில் ஊறவைத்துக்
கெடவிட்டாற்போல.
மத்தியானம் பிசைந்த தயிர்ச்சோற்றில் அது இருந்தது.
சாயங்காலப் பேருந்தில் கண்டக்டர் என்னை விட்டுத்
தள்ளி நின்று சீட்டுக் கொடுத்தார்.
அப்போதாவது யோசித்திருக்கலாம்.

ஆடு மேய்க்கும் போதும்பொண்ணு கேட்டாள்:
"இத எண்ணி என்னக்கா பண்ணுவாங்க?"
"அடுத்த வருசம் மறுபடி எண்ணுவாங்க."
"ஆட்டுக்கும் அதே கததான்."

சில சதுரங்களில் வாட்டில் நாற்று மட்டும்.
நாலு, ஏழு, ஒருமுறை பத்தொன்பது.
பூச்சிக் கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டும்.
வெறுமனே விட்டால்
நான் பார்க்கவேயில்லை என்று ஆகிவிடும்.

நவம்பர் பத்தொன்பது, பதினாலாவது சதுரம்.
தவிட்டுப்பழச் செடியின் இலையடியில்
ஒரு ஆ, தலைகீழாக, அசையாமல்.
செத்தது என்று எழுதப் போனேன்.
முதுகு நடுவில் விரிந்தது.
உள்ளேயிருந்து வெந்த சோற்று நிறத்தில்
இறக்கையோடு ஒன்று, கால் காலாக,
அவசரமே இல்லாமல் வெளியே வந்தது.
மண்டியிட்டபடி இருந்தேன், முட்டி நனைந்தது.
தோளோரம் முதலில் நிறமேறியது,
பிறகு முக்கோணத்தில்.
பத்தரை மணிக்கு அது இ.

அப்படியானால் அ?
பக்கங்களைப் பின்னால் புரட்டினேன்.
அ குறையக் குறைய ஆ கூடியிருக்கிறது.
என் கையெழுத்தில்தான், தேதி தேதியாக.
எனக்குத்தான் தெரியவில்லை.

அழிப்பான் கூடாது.
ஒரே கோடு, அடியில் உள்ளது படிக்கும்படி.
பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி.
நாற்பத்தொரு இடத்தில் கோடு போட்டேன்.

ரேஷன் அட்டையில் நான் பவளக்கொடி.
வாக்காளர் பட்டியலில் பவழக்கொடி.
வங்கிக் கணக்கில் பாவலக்கொடி.
மூன்றும் ஒருத்தியே என்று
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் சத்தியம் செய்திருக்கிறேன்,
நோட்டரி என் முகத்தைப் பார்க்கவில்லை.
இதற்கு உரித்த தோல் இருந்தது.
குப்பியில் போட்டு மூடினேன்.
இனப்பெயர் என்ற கட்டத்தில்
தெரியவில்லை என்று எழுதினேன், ஒரே ஒரு தடவை.

"இன்னிக்கி எத்தன ரகம்?"
"ஒம்போது."
"போன வாரம் பதினொண்ணுன்னியே,
ரெண்டும் செத்துப் போச்சா?"
"இல்ல. வளந்திருச்சு."

பதினைந்தாவது சதுரம்.
வாட்டில் நாற்று இரண்டு.
பூச்சி, இன்னும் பார்க்கவில்லை.